பீப்பாயும் மின்கம்பியும்

கச்சா எண்ணெயின் விலை ஏறும்போதெல்லாம் அதற்கு மாற்று எது என்ற விசாரம் உலகெங்கும் எழுவதும், விலை இறங்கிய மறு வருஷமே அந்த விசாரம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுவதும், சென்ற ஐம்பது ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர் எவருக்கும் கண்கூடான விஷயம். 1973ஆம் ஆண்டு அக்டோபரில், இஸ்ரேலுடன் மூண்ட யுத்தத்தை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்து, சில தேசங்களுக்கு விற்பனைத் தடையும் விதித்ததன் பயனாக, பீப்பாய் ஒன்றுக்கு மூன்று டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களுக்குள் நான்கு மடங்காயிற்று; 1979இல் ஈரானில் ஷாவின் ஆட்சி கவிழ்ந்தபோது அது மறுபடியும் பாய்ந்து ஏறிற்று. அந்த ஏழெட்டு வருஷங்களில் மாற்று எரிபொருள் பற்றி வெளிவந்த திட்டங்களும், கூடிய மகாநாடுகளும், மந்திரிகள் அளித்த வாக்குறுதிகளும் கணக்கில் அடங்கா. பிறகு 1986இல் விலை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. நிலக்கரியிலிருந்தும் எண்ணெய்ப் பாறையிலிருந்தும் செயற்கை எரிபொருள் எடுப்பதற்கென்று 1980இல் அமெரிக்க அரசாங்கம் மிகுந்த ஆர்ப்பாட்டத்துடன் நிறுவிய கழகம் அந்த 1986இலேயே இழுத்து மூடப்பட்டது. ஆகவே ஒரு மாற்று வழியின் தகுதியை அறிய வேண்டுமானால், எண்ணெய் கிராக்கியாக இருந்த காலத்தில் அதைப் பற்றி என்ன பேசப்பட்டது என்று கேட்பதைக் காட்டிலும், எண்ணெய் மலிந்து கிடந்த காலத்தில் அது பிழைத்திருந்ததா என்று கேட்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இக்கட்டுரையில் ஒவ்வொரு மாற்றையும் அந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கவே முயல்கிறேன்.

நம் தேசத்துக்கு இது வெறும் புத்தக விவாதம் அன்று. அஸ்ஸாமின் டிக்பாயில் 1889இலேயே எண்ணெய்க் கிணறு கண்டவர்கள் நாம். 1974இல் பம்பாய்க் கடலடியில் பெரியதோர் எண்ணெய் வயலும் அகப்பட்டது. காவிரிப் படுகையில் நரிமணத்திலும் எண்ணெய் எடுக்கிறார்கள். இத்தனை இருந்தும், நாம் செலவழிக்கும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் கப்பலேறித்தான் வருகிறது. அதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1990ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. குவைத்தை ஈராக் ஆக்கிரமித்ததும் எண்ணெய் விலை ஏற, வளைகுடாவில் உழைத்துக்கொண்டிருந்த நம்மவர் அனுப்பி வந்த பணமும் தடைப்பட, ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலையை அடைந்து, 1991இல் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன்னை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி ஈடு வைக்க நேர்ந்ததை இன்றைய இளைஞர் பலர் அறியார்.

அந்த எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் முதலிலேயே கண்டுகொள்வது நலம். இந்தியாவில் விற்கும் பெட்ரோலியப் பொருள்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு டீசல். அதில் பெரும்பகுதியை லாரியும் பஸ்ஸும் டிராக்டரும் குடிக்கின்றன. பெட்ரோலிலோ பாதிக்கு மேல் இரு சக்கர வாகனங்களுக்கே செலவாகிறது. பத்திரிகைகளில் இப்பிரச்சினை விவாதிக்கப்படும்போது படத்தில் எப்போதும் பளபளக்கும் ஒரு காரே காட்சியளிக்கிறது. உண்மையில் இங்கே ஆராய வேண்டியவை நாமக்கல் லாரியும், அலுவலகத்துக்குப் போகிறவரின் ஸ்கூட்டருமே.

எண்ணெயின் பிடி இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் ராஜதந்திரம் மாத்திரம் அன்று, பௌதிகமுந்தான். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட் மணி சக்தி அடங்கியிருக்க, இன்றைய லித்தியம் மின்கலம் ஒரு கிலோவில் அதில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாங்கினாலே பெரிது. சாதாரண உஷ்ணத்தில் திரவமாக இருப்பது, குழாயில் ஓடுவது, தகரப் பீப்பாயில் அடைத்து எந்தக் கிராமத்துக்கும் கொண்டுசெல்லத் தக்கது, மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் பெரிதாகக் கெடாதது என்று அதன் அனுகூலங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அந்தச் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கை வண்டியின் இயந்திரம் வெறும் வெப்பமாக வெளியே விடுகிறது. மின்மோட்டாரோ தனக்குக் கிடைத்ததில் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே நடக்கும் வழக்குத்தான் மாற்று எரிசக்தியின் வரலாறு முழுவதும் என்று கொள்ளலாம்.

பழைய தலைமுறையினருக்கு மாற்று எரிபொருள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது யுத்த காலத்துக் கரி பஸ். 1942இல் பர்மாவின் எண்ணெய் வயல்கள் ஜப்பானியர் வசமாகி, பெட்ரோலுக்குப் பங்கீடு கடுமையானபோது, சென்னை மாகாணத்தின் பஸ் முதலாளிகள் வண்டியின் பின்புறத்தில் பெரிய உருளை அடுப்பொன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, உண்டாகும் வாயுவை இயந்திரத்துக்குள் செலுத்தி ஓட்டினார்கள். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இதற்கென்றே ஒரு வாயு உலையை அமைத்துத் தந்தது. இந்தியாவில் மட்டும் அன்று. ஸ்வீடன் போன்ற நாடுகளிலும் அக்காலத்தில் விறகு வாயுவே வண்டிகளுக்கு உயிர் கொடுத்தது. புறப்படுவதற்கு முன் அடுப்பைக் கனிய வைத்து, சக்கரத்தைச் சுழற்றிக் காற்றடித்து, வாயு பிடிக்கும்வரை பிரயாணிகள் காத்திருப்பார்கள். மேடு வந்தால் இறங்கி நடப்பதும் உண்டு. யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்த உலைகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இதே கதையின் இன்னோர் அத்தியாயம் 1990களில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரும்பொருளாகிவிட்ட அந்நாட்களில், சில துளி பெட்ரோலால் இயந்திரத்தை உசுப்பிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிளையும் பழைய மோரிஸ், ஆஸ்டின் கார்களையும் ஓட்டிய அம்மக்களின் சாமர்த்தியத்தை வியக்காதவர் இல்லை. ஆயினும் இவையெல்லாம் நெருக்கடியைக் கடத்துவதற்கு உதவிய யுக்திகளே தவிர, நெருக்கடி தீர்ந்தபின் எவரும் விரும்பி வைத்துக்கொண்டவை அல்ல.

நிலக்கரியையே திரவமாக்கும் வித்தையும் பழையதே. ஜெர்மானிய ரசாயன நிபுணர்களான பெர்கியஸும், பிஷர், டிராப்ஷ் இருவரும் கண்டுபிடித்த முறைகளால் ஹிட்லரின் விமானப்படை தன் பெட்ரோலில் பெரும்பகுதியைப் பெற்றது. 1944 மே மாதம் முதல் நேச நாட்டு விமானங்கள் அந்த ஆலைகளைக் குறிவைத்துத் தகர்த்தது அதன் முக்கியத்துவத்துக்கு அத்தாட்சி. பின்னர் தென்னாப்பிரிக்கா 1955 முதல் சாசோல் ஆலையில் அதே வழியைக் கைக்கொண்டு, நிறவெறி ஆட்சியின் காரணமாக எண்ணெய்த் தடைக்கு அஞ்சி அதைப் பெரிய அளவில் விரித்தது. பெருஞ் செலவும் பெரும் புகையும் விளைவிக்கும் இவ்வழியை, வேறு கதியில்லாத அரசாங்கங்களே தேர்ந்தெடுத்தன என்று சொல்லி அப்பால் செல்வோம்.

சற்று நின்று பார்க்க வேண்டிய உதாரணம் பிரேசில். 1970களில் தன் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்துகொண்டிருந்த அத்தேசம், 1975 நவம்பரில் கரும்பிலிருந்து எரிசாராயம் வடிக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979இல் முழுதும் சாராயத்திலேயே ஓடும் பியட் கார் வெளிவந்தது. 1980களின் நடுவிலோ அங்கு விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சாராயக் கார்களாகவே இருந்தன. சாவோ பாவ்லோ பிரதேசத்தில் கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது. பிழிந்த சக்கையை எரித்தே ஆலை ஓடுகிறது. ஆகையால் அங்கே செலவிடும் எரிசக்தியைப்போல் பல மடங்கு சாராயத்தில் திரும்பக் கிடைக்கிறது. அமெரிக்கர்கள் மக்காச்சோளத்திலிருந்து வடிக்கும் சாராயத்துக்கு இந்தப் பெருமை கிடையாது. அங்கே இட்டதற்கும் எடுத்ததற்கும் வித்தியாசம் சொற்பம்.

இவ்வளவு சாதகங்கள் இருந்தும் நடந்தது என்ன? 1986இல் எண்ணெய் விலை சரிந்து, பின்பு சர்வதேசச் சந்தையில் சர்க்கரை விலை ஏறியபோது, ஆலைக்காரர்கள் கரும்பைச் சாராயமாக்குவதை விட்டுச் சர்க்கரையாக்கி ஏற்றுமதி செய்வதே லாபம் என்று கண்டார்கள். 1989இலும் 1990இலும் சாராயக் கார் வாங்கியிருந்த லட்சக்கணக்கானோர் பெட்ரோல் பங்குகளில் வரிசையில் நின்றார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அந்தக் கார்களின் விற்பனை அநேகமாக இல்லையென்றே ஆகிவிட்டது. பெட்ரோல், சாராயம் இரண்டில் எதை ஊற்றினாலும், எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும் கார் 2003இல் வந்தபின்புதான் அத்திட்டத்துக்கு மறுஜன்மம் கிடைத்தது. வாகனத்தின் சொந்தக்காரருக்கு, விலை நிலவரத்தைப் பார்த்துப் பெட்ரோல் பங்கிலேயே தீர்மானிக்கும் சுதந்திரம் அளித்ததே அதன் வெற்றிக்குக் காரணம். ஒரு திரவத்துக்குப் பதில் வேறொரு திரவத்தை அதே தொட்டியில் ஊற்றும் எந்த உபாயமும், முந்திய திரவத்தின் விலையோடு நாள்தோறும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

நம் நாட்டிலும் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2003இல் ஐந்து விழுக்காட்டு அளவில் தொடங்கி, நெடுநாள் நொண்டிக்கொண்டே சென்று, பிறகு வேகம் பிடித்து, 2030க்கென்று வைத்த இருபது விழுக்காட்டு இலக்கை 2025க்கு முன்தள்ளி அதை எட்டியும் விட்டது. அந்நியச் செலாவணி மிச்சமாவதும், கரும்பு விவசாயிக்கு ஆலைகள் வைத்த பாக்கி குறைவதும் மெய்யான நன்மைகள், அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கரும்பு மழையில் விளைவது அன்று. மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் அது கால்வாய் நீரையும் கிணற்று நீரையும் பெருமளவில் உறிஞ்சும் பயிர். 2023இல் பருவமழை குறைந்தபோது நடந்தவற்றைப் பாருங்கள்: ஜூலையில் உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனாலுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது, டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்பக்கூடாதென்று ஆலைகளுக்கு உத்தரவு பிறந்தது. பின்பு பளு முழுவதும் மக்காச்சோளத்தின்மேல் விழுந்தது; அதன் விலை ஏறவே, கோழித் தீவனத்துக்கு அதையே நம்பியிருக்கும் நாமக்கல் பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள்; மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த தேசம் 2024இல் அதை இறக்குமதி செய்யும் தேசமாயிற்று. அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், லிட்டருக்கு ஓடும் தூரம் குறைகிறதென்று வாகனக்காரர்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் உண்டு. கழிவுப்பாகிலிருந்தும், கெட்டுப்போன தானியத்திலிருந்தும், வைக்கோலிலிருந்தும் கிடைக்குமளவு எத்தனாலை உபயோகித்துக்கொள்வது விவேகம். அதற்கு மேல் போக விரும்புகிறவர்கள், வயலில் பாயும் தண்ணீருக்கும் கணக்கு எழுதட்டும்.

காட்டாமணக்கின் கதையைச் சொல்லாமல் விடலாகாது, ஏனெனில் அது நம் ஊர் வேலிகளிலிருந்தே புறப்பட்ட கதை. ஆடு தின்னாது, தண்ணீர் கேட்காது, தரிசில் வளரும் என்ற காரணங்களால் தோட்ட வேலிக்கு நட்டுவந்த அந்தச் செடியின் விதையில் எண்ணெய் இருப்பதைக் கண்டு, 2003இல் திட்டக் கமிஷனின் குழுவொன்று ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் அதைப் பயிரிட்டு டீசலில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றிவிடலாம் என்று யோசனை கூறிற்று. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமும் அதை ஊக்கமாக ஆதரித்தார். நட்டுப் பார்த்த விவசாயிகள் கண்டது வேறு. தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு இருந்தது மெய். காய்ப்பதற்கு மட்டும் அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டியிருந்தன. உயிர் தாங்குவதற்கும் விளைச்சல் தருவதற்கும் உள்ள பேதத்தை எந்தக் குடியானவரும் சொல்லியிருப்பார். குழு அவரைக் கேட்கவில்லை போலும்.

இயற்கை எரிவாயுவைப் பற்றிய தீர்ப்பு சற்றுச் சிக்கலானது. டில்லியில் காற்று மாசுபட்டதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவின் பயனாக, 2002 முடிவதற்குள் அந்நகரத்தின் பஸ்களெல்லாம் அழுத்தப்பட்ட எரிவாயுவுக்கு மாறின. டீசல் பஸ்ஸின் கரும்புகை தெருவிலிருந்து நீங்கிற்று. சுகாதார நோக்கில் அது சிலாக்கியமான காரியம். எண்ணெய்ச் சார்பைக் குறைக்கும் நோக்கில் பார்த்தாலோ, நம் எரிவாயுவிலும் ஏறக்குறையப் பாதி கத்தார் முதலிய தேசங்களிலிருந்து திரவமாகக் குளிரூட்டப்பட்டுக் கப்பலில் வருவதே. கத்தாரின் கப்பல் கடந்து வரவேண்டியதும், உலக எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கடந்து வரும் அதே ஹோர்முஸ் ஜலசந்திதான். வாசலை மாற்றாமல் விருந்தாளியை மட்டும் மாற்றினால் பயன் பாதியே.

இனி, எண்ணெய் மலிந்த காலத்திலும் நிலைத்து நின்றவை எவை என்று தேடினால், கண்ணில் படுபவை அனைத்தும் நிலத்தில் பதிக்கப்பட்டவையாகவே இருக்கின்றன. ஸ்விட்சர்லாந்தில் நிலக்கரி கிடையாது. முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மானியக் கரி வராமல் ரயில்கள் முடங்கிய அனுபவத்தால், அந்நாட்டினர் மலையருவிகளிலிருந்து மின்சாரம் எடுத்து, 1920களில் கொட்ஹார்ட் மலைப்பாதை தொடங்கித் தம் ரயில்பாதைகளின்மேல் கம்பி கட்டினார்கள். இரண்டாம் யுத்தம் வந்தபோது அவர்கள் ரயில்களில் பெரும்பாலானவை கரியின் தயவை நாடாமல் ஓடின. மிச்சமிருந்த சிறு நீராவி எஞ்சின்களில் இரண்டின் உச்சியில் கம்பி தொடும் கொம்பைப் பொருத்தி, மின்சாரத்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஓட்டிய வேடிக்கையும் அங்கே நடந்தது. கரி கிடைக்காதவனின் பிடிவாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது. பிரான்சில் அதிவேக ரயிலுக்கென்று 1972இல் செய்து பார்த்த முதல் வண்டி, எண்ணெய் எரித்துச் சுழலும் வாயுச் சுழலியால் இயங்குவது. 1973இன் அதிர்ச்சிக்குப் பின் அத்திட்டத்தையே திருத்தி மின்சார வண்டியாக்கி, 1981இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடவிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து எண்ணெய் மலிந்தபோது, போட்ட பாதையைப் பெயர்த்தெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஹாலந்துக்காரர்கள் 1973 நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடைசெய்தது சில வாரங்களே நீடித்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் போடத் தொடங்கிய சைக்கிள் பாதைகள் இன்றும் இருக்கின்றன.

இவ்விஷயத்தில் இந்தியா பெருமைப்படத்தக்க காரியம் ஒன்றைச் செய்திருக்கிறது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு ஏனோ குறைவு. 1925 பிப்ரவரி 3ஆம் தேதி பம்பாய் விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடிற்று. 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் மின்சார வண்டி வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் ஆமை வேகந்தான். 2014 வாக்கில் கம்பி கட்டிய பாதை சுமார் 22,000 கிலோமீட்டர். அடுத்த பத்தாண்டுகளில் வேலை பன்மடங்கு விரைந்து, 2025இல் அகல ரயில்பாதையில் 98 விழுக்காட்டுக்கு மேல் மின்மயமாகிவிட்டது. அமெரிக்காவின் சரக்கு ரயில்கள் அநேகமாக முழுதும் டீசலிலேயே ஓடும் இக்காலத்தில், நம் ரயில்வே டீசலிலிருந்து இவ்வளவு தூரம் விலகி வந்திருப்பது அற்பமான விஷயம் அன்று. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று ஆட்சேபிப்பவர்கள் சொல்வது உண்மையே. எண்ணெய்ச் சார்பு ஒரு பிரச்சினை, புகை வேறொரு பிரச்சினை. கம்பி முதலாவதை உடனே தீர்க்கிறது, இரண்டாவதைத் தீர்ப்பதற்கு வழியைத் திறந்து வைக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதும், கமுதியில் 648 மெகாவாட் சூரியத் தகடுகள் வெயில் காய்வதும், கூடங்குளத்தில் அணு உலைகள் எரிவதும் அதே கம்பியில் வந்து கலக்கக்கூடியவை. கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதை எஞ்சினை மாற்றாமலே மாற்றிக்கொள்ளலாம். டீசல் எஞ்சினுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

நகரங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பெருமூச்சு தவிர்க்க முடியாதது. 1895லேயே மின்சார டிராம் ஓடிய பட்டணம் சென்னை. இந்தியாவிலேயே முதலாவது என்ற கீர்த்தியும் அதற்குண்டு. கம்பெனி நஷ்டத்தில் மூழ்க, 1953 ஏப்ரலில் டிராம் நின்றது, தண்டவாளங்களும் பெயர்ந்தன. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 முதல், பூமிக்கடியிலும் தூண்களின்மேலும் ஆயிரக்கணக்கான கோடிகளைக் கொட்டிக் கட்டிய மெட்ரோ ரயிலை ஓட்டத் தொடங்கினோம். மெட்ரோவைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. ஆனால் குறைந்த செலவில் விரைந்து பயன் தருவது பஸ்ஸே என்பதை, தென் பிரேசிலில் குரிச்சிபா நகரம் 1974இல் பஸ்ஸுக்கென்றே சாலையில் தனித்தடம் ஒதுக்கி நிரூபித்துக் காட்டியது. ஐம்பது பேர் ஏறிய டீசல் பஸ்கூட, அந்த ஐம்பது பேரும் தனித்தனி ஸ்கூட்டரில் போவதைவிடக் குறைந்த எண்ணெயே குடிக்கும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று ஆக்கியதைச் சமூக நலத் திட்டமாகவே அனைவரும் பார்க்கிறார்கள். எண்ணெய்க் கணக்கிலும் அதற்கு ஓரிடம் உண்டு. 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து மின்சார பஸ்கள் புறப்பட்டபோது, டிராம் நின்ற ஊருக்கு மின்சாரம் மறுபடி தெருவில் வந்தது.

சாலையில் ஓடும் மின் வண்டிக்கு உயிர்நாடியான லித்தியம் மின்கலத்தின் பிறப்பே ஒரு விசித்திரம். 1970களின் எண்ணெய் நெருக்கடியில், எண்ணெய்க்குப் பின் என்ன செய்வது என்ற கவலையால், எக்ஸான் என்னும் எண்ணெய்க் கம்பெனியே ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற விஞ்ஞானியை அமர்த்தி அந்த ஆராய்ச்சியை நடத்திற்று. 1980களின் தொடக்கத்தில் ஆர்வம் குன்றி அதைக் கைவிட்டது. குடினஃப், யோஷினோ என்ற வேறிரு விஞ்ஞானிகள் அதை முன்னெடுத்துச் செல்ல, 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த மின்கலத்தை வளர்த்தெடுத்தது காரும் அன்று, எண்ணெய் விலையும் அன்று, கேமராவும் கைப்பேசியுமே. எண்ணெயோடு போட்டியிடாத சந்தையில் வளர்ந்ததால்தான் அது எண்ணெய் மலிந்த இருபது ஆண்டுகளைத் தாண்டி வந்தது. 2010க்குப் பின் அதன் விலை பத்தில் ஒன்றளவுக்கு வீழ்ந்துவிட்டது.

அதன் பலன் எங்கெங்கே எப்படித் தெரிகிறது என்பது சுவாரசியமானது. எண்ணெய் விற்றே செல்வம் சேர்த்த நார்வே, தன் அருவி மின்சாரத்தில் கார்களை ஓட்ட வரிச்சலுகை அளித்து, 2024இல் புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார் என்ற நிலையை எட்டியது. பணக்கார நாட்டின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் எத்தியோப்பியாவைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் வாங்க டாலர் இல்லாத அந்த ஏழைத் தேசம், நீல நைலின் அணை மின்சாரத்தை நம்பி, பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையே 2024இல் தடைசெய்துவிட்டது. நம் நாட்டில் ஆட்டோ ரிக்ஷா போன்ற மூன்று சக்கர வண்டிகளில் புதிதாக விற்பவற்றில் பாதிக்கு மேல் இப்போது மின்சார வண்டிகள்; வட நாட்டு நகரங்களில் எந்தத் திட்டமும் இல்லாமல், பழைய ஈய மின்கலங்களோடு, ஓட்டுநர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தாமே தொடங்கிய மாறுதல் அது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின் ஸ்கூட்டர்கள் இன்னும் அந்த வேகத்தைப் பெறவில்லையென்றாலும், நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடி, இரவில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குப் பெட்ரோல் இன்றியமையாதது என்று இனி ஒருவரும் வாதிட முடியாது.

எண்ணெய்க்கு அரேபியாவை நம்பியிருந்தவர்கள் மின்கலத்துக்குச் சீனத்தை நம்புவதா என்ற கேள்வி நியாயமானதே. 2025 ஏப்ரலில் அருமண் காந்தங்களின் ஏற்றுமதியைச் சீனம் கட்டுப்படுத்தியபோது நம் வாகனத் தொழிற்சாலைகள் கலங்கின. ஆயினும் இரண்டு சார்புகளும் ஒரே தரமானவை அல்ல. பெட்ரோல் நின்றால் இரண்டொரு மாதத்தில் சாலையிலுள்ள வண்டிகளெல்லாம் நிற்கும்; 2022இல் இலங்கை மக்கள் பல மைல் நீள வரிசைகளில் இரவு பகலாகக் காத்திருந்து அதை அனுபவித்தார்கள். மின்கலம் நின்றாலோ புதிய வண்டிகளின் உற்பத்திதான் தடைப்படும். ஓடுகிறவை பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் வேறு வழி காண அவகாசம் உண்டு.

ஹைட்ரஜனைப் பற்றி இப்போது பேச்சு பலமாக இருக்கிறது. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வாயுவை அழுத்தி, சுமந்து சென்று, மறுபடி மின்சாரமாக்கும் வழியில் முதலில் இட்ட சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை அடைகிறது. பெரம்பூர்த் தொழிற்சாலை ஹைட்ரஜன் ரயில் ஒன்றைக் கட்டியிருப்பது கைத்திறனுக்குச் சான்று. கம்பி கட்டி முடித்த ரயில்வேக்கு அது எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. உரத்துக்கும் உருக்குக்கும் ஹைட்ரஜன் வேண்டும். அங்கே அது போகட்டும். விமானத்துக்கும் நெடுங்கடல் கப்பலுக்கும் எண்ணெயோ எண்ணெயைப் போன்ற திரவமோ இன்னும் நெடுநாள் தேவைப்படும். மெதனாலில் ஓடும் கன்டெய்னர் கப்பல்கள் 2023 முதல் வரத் தொடங்கியிருப்பினும், அவை பரிசோதனை நிலையைத் தாண்டிச் சற்றே வந்திருக்கின்றன, அவ்வளவே.

ஆகவே கடைசியில் எஞ்சுவது லாரி. 1951இல் இந்தியாவின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் சென்றது. இன்று அது கால் பங்கைச் சற்றே தாண்டி நிற்கிறது. நாம் எரிக்கும் டீசலின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வீழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. பயணி வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டுச் சரக்கு ரயில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாமற் போனதால் வியாபாரி லாரிக்கு மாறினார். அவரைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. சரக்குக்கென்றே தனிப்பாதையாகப் பஞ்சாபிலிருந்து பீகாருக்கும், டில்லி அருகே தாத்ரியிலிருந்து பம்பாய்த் துறைமுகத்தை நோக்கியும் போட்டவற்றில், மேற்குப் பாதையில் இரண்டடுக்குக் கன்டெய்னர்கள் மின்கம்பிக்கு அடியிலேயே செல்கின்றன. தென்னாட்டுக்கு அத்தகைய பாதை இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது. மின்சார லாரிக்குத் தரும் மானியத்தைவிட, சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களுக்கு அத்தகைய பாதை ஒன்று போடுவதே அதிக டீசலை மிச்சப்படுத்தும் என்று நான் நம்புகிறேன்.

இதில் ஒரு தடையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எண்ணெயைச் சார்ந்திருப்பவை வண்டிகள் மாத்திரம் அல்ல, கஜானாக்களும்தான். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டதற்குக் காரணம், அவற்றின்மேல் விதிக்கும் வரியை இழக்க மத்திய சர்க்காருக்கும் மனமில்லை, மாநிலங்களுக்கும் மனமில்லை என்பதே. லிட்டர் குறையக் குறைய அந்த வருமானம் குறையும். சாலை போடும் செலவு குறையாது. நார்வே 2023 முதல் விலையுயர்ந்த மின்சாரக் கார்களின்மேல் வரியை மீண்டும் விதிக்கத் தொடங்கியிருக்கிறது. டீசல் வண்டிகளிடம் ஓடிய தூரத்துக்குக் கட்டணம் வாங்கிவந்த நியூசிலாந்து, 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களிடமும் அதையே வாங்குகிறது. எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப வசூலிக்கும் இந்த முறை நம் நாட்டுக்குப் பொருந்துமானால், அதிகமாகச் செலுத்த வேண்டியது சாலையை அதிகமாகத் தேய்க்கும் கனரக லாரியாகவே இருக்கும். ரயிலுக்கும் லாரிக்கும் உள்ள வழக்கில் அப்போது தராசு சற்று ரயிலின் பக்கம் சாயவும் கூடும். நிதி மந்திரிகள் அந்தக் கணக்கை, பெட்ரோல் வருமானம் கையில் இருக்கும்போதே போட்டுப் பார்க்க வேண்டும்.